குதிகாலில் ஒரு துளி: தடுப்பூசி வரும்வரை காத்திருக்க முடியாத குழந்தைகள்

செவிலியர் பயிற்சியில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் பிறந்த குழந்தைக்கும் இருக்கிறதா என்று நம் சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஏன் தெரிவதில்லை? பெரிய ஆய்வகம் இல்லாத ஊர்களில் என்ன செய்கிறார்கள்? எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி வந்துவிட்டால் இந்தப் பாடெல்லாம் தேவைப்படாது அல்லவா?"

மாவட்ட மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் மையத்தில், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வக வேலை பார்த்தவன் நான். தடுப்பூசி எப்போது வந்தாலும் மகிழ்ச்சிதான். ஆனால் தொற்றோடு பிறந்த குழந்தைக்கு இருக்கும் அவகாசத்தை வாரக் கணக்கில்தான் எண்ண வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதல் கேள்வி. நம் மையத்தில் விரல் நுனியில் குத்திச் செய்யும் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியைத் தேடுகிறது. பெரியவர்களுக்கு இது போதும். கைக்குழந்தைக்குப் போதாது. மகளை அனுப்பும்போது தாய்வீட்டுச் சீர் கூடவே போவதைப் போல, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. தட்டம்மைக்கு எதிரானது, டெட்டனஸுக்கு எதிரானது என்று எல்லாம் அதில் இருக்கும். எச்.ஐ.வி.க்கு எதிரானதும் இருக்கும். அவை முழுவதும் கரைய 18 மாதம் வரை ஆகலாம். அதுவரை விரைவுப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால், தாய்க்குத் தொற்று இருக்கிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் தெரியாது. குழந்தை முழு ஆரோக்கியமாகவே இருக்கலாம்.

அப்படியானால் 18 மாதம் பொறுத்திருந்து பார்க்கலாமே என்று தோன்றும். ஒரு காலத்தில் பல ஊர்களில் அப்படித்தான் செய்தோம். அதன் விலையைப் பின்னால்தான் புரிந்துகொண்டோம். ஆப்பிரிக்காவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2004இல் வெளியிட்ட கணக்கின்படி, தொற்றுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் 35 சதவீதம் பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்துவிடுகிறார்கள். இரண்டாவது பிறந்தநாளுக்குள் பாதிக்கு மேல் இறந்துவிடுகிறார்கள். 18 மாதம் கழித்துப் பரிசோதிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால், நாம் பரிசோதிப்பது பெரும்பாலும் பிழைத்தவர்களை மட்டும்தான்.

சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதற்கு விடை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. சோவெட்டோவிலும் கேப் டவுனிலும் 'செர்' என்ற ஆய்வை நடத்தினார்கள். பார்வைக்கு நன்றாக இருந்த, ஆனால் தொற்று உறுதியான கைக்குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு உடனே கூட்டு மருந்து கொடுத்தார்கள். சராசரியாக அவர்களுக்கு ஏழு வார வயது. இன்னொரு பிரிவில், அன்றைய வழக்கப்படி நோய் அறிகுறியோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ தெரியும்வரை பொறுத்தார்கள். பொறுத்த பிரிவில் 16 சதவீதம் குழந்தைகள் இறந்தார்கள். உடனே தொடங்கிய பிரிவில் 4 சதவீதம். வேறுபாடு அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால், கண்காணிப்புக் குழு பாதி வழியிலேயே தலையிட்டு, காத்திருந்த குழந்தைகளையும் சிகிச்சைக்குப் பரிசீலிக்கச் சொன்னது. 2008இல் முடிவு வெளியானது. அந்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொற்று உறுதியானால், எந்த அறிகுறிக்கும் காத்திராமல் மருந்து தொடங்க வேண்டும் என்றது. மருந்து தொடங்க வேண்டுமானால் தொற்று இருப்பது தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் வைரஸையே நேரடியாகத் தேட வேண்டும். அதற்குத்தான் பி.சி.ஆர். கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வைரஸின் மரபுப் பொருளைப் பல கோடி மடங்கு பெருக்கிக் காட்டும் முறை அது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

பி.சி.ஆர். இயந்திரம் பெரிய நகரத்தில் இருக்கும். குழந்தை மலையடிவாரத்தில் இருக்கும். நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். குழாயில் எடுத்த ரத்தம் கெடாமல் போக ஐஸ்பெட்டி வேண்டும். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, மாதிரிகளை ஐஸ்பெட்டியில் வைத்து பரிசோதனை வசதி இருந்த வேலூருக்கு ரயிலில் கொண்டுபோக வேண்டியிருந்தது. சென்னை – வேலூருக்கு அது சரி. ஆப்பிரிக்க நாடான மலாவியின் கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு அது எப்படிச் சரிவரும்?

விடை ஒரு தடித்த வடிதாள் அட்டை. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க மருத்துவர், பிறவி வளர்சிதைக் கோளாறு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்காகப் பிறந்த குழந்தையின் ரத்தத்தை வடிதாளில் ஊறவிட்டு உலர்த்தி அனுப்பும் முறையைப் பரப்பினார். அதையே எச்.ஐ.வி.க்கும் எடுத்துக்கொண்டோம். உலர்ந்த ரத்தத் துளிக்கு ஐஸ் வேண்டாம். தபால் உறையில் போகும், பஸ்ஸில் போகும். வைரஸின் மரபுப் பொருள் தாளின் இழைகளுக்குள் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். எங்கள் பேச்சில் அதற்கு டி.பி.எஸ். கார்டு என்று பெயர்.

எடுக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போலச் சொல்கிறேன். நாளை நீங்கள் செய்யப் போகிற வேலை இது. குழந்தையைத் தாயின் தோளில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கால் கீழே தொங்க வேண்டும். பாதத்தை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுங்கள். குளிர்ந்த காலில் ரத்தம் வராது, பிசைய வேண்டியிருக்கும், பிசைந்தால் திசுநீர் கலந்துவிடும். குதிகாலின் நடுவில் குத்தக் கூடாது, எலும்பு இருக்கிறது. பக்கவாட்டில்தான் குத்த வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். அடுத்த துளி தானாகத் திரண்டு கனத்துத் தொங்கும்வரை பொறுத்து, அட்டையின் வட்டத்தில் விழவிடுங்கள். தோல் தாளில் உரசக் கூடாது. ஒரு வட்டத்தில் ஒரு பெரிய துளி. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் அங்கும் அதே அளவு ஊறியிருக்க வேண்டும். ஐந்து வட்டங்கள் இருக்கும். அத்தனையையும் நிரப்பப் பாருங்கள். பிறகு அட்டையைக் கிடைமட்டமாக வைத்து, நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கவும் கூடாது. சிவப்பு நிறம் மாறிக் கரும்பழுப்பான பிறகே மெழுகுத்தாளில் பொதிந்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட வேண்டும்.

இதைப் படித்தால் சமையல் குறிப்பு போல எளிதாக இருக்கிறது. ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில், பல ஆண்டுகளுக்கு முன், அவசரமாகப் போக வேண்டும் என்பதற்காக முழுவதும் உலராத அட்டை ஒன்றைக் கவரில் போட்டு அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து 'மாதிரி ஏற்கத்தக்கதல்ல' என்று திரும்பி வந்தது. பூஞ்சை பிடித்திருந்தது. அந்தத் தாய் இரண்டு பஸ் மாறி வருபவர். கூலி வேலை. வீட்டில் மாமியாருக்கு விஷயம் தெரியாது. இரண்டாவது முறை வர அவருக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. குழந்தைக்குத் தொற்று இல்லை என்றுதான் வந்தது. ஆனாலும், 'ஒருவேளை தொற்று இருந்திருந்தால்?' என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து, மழைக்காலத்தில் அட்டையை இரவு முழுவதும் உலர்த்தாமல் நான் அனுப்பியதில்லை.

நம் நாட்டில் 2010 முதல் இந்த முறை திட்டமாக நடக்கிறது. ஆறாவது வாரத்தில் முதல் அட்டை. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதால் அதே நாளோடு இணைத்தார்கள். மிக நல்ல யோசனை. தாய்க்கு ஒரு பயணம் மிச்சம், அக்கம்பக்கத்தாருக்கு ஒரு கேள்வி மிச்சம். இல்லை என்று வந்தால் ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் மறுபடி பார்ப்போம். ஏனென்றால் தாய்ப்பால் குடிக்கும் காலம் முழுவதும் ஆபத்து இருக்கிறது. 18 மாதத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையோடு முடிவு சொல்வோம். தாய் ஒழுங்காக மருந்து எடுத்தால் இந்த ஆபத்து மிகவும் குறைந்துவிடுகிறது. எந்த மருந்தும் இல்லாத காலத்தில் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றிய நோய் இது. தாய்ப்பால் கொடுக்கும் சமூகங்களில்கூட அதை 5 பேருக்குக் கீழே கொண்டுவர முடியும் என்று நிரூபித்துவிட்டோம்.

தொற்று குறையக் குறைய ஒரு புதுச் சிக்கல் வருகிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் குழந்தைகளில் பத்துப் பேருக்குத்தான் தொற்று என்று வையுங்கள். தொற்றில்லாத இருநூறு பேரில் ஒருவருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று காட்டும் பரிசோதனை நம் கையில் இருந்தால், தவறான பாசிட்டிவ் மட்டும் ஐந்து வரும். ஆகவே பாசிட்டிவ் வந்த குழந்தையிடம் இரண்டாவது மாதிரி எடுத்தே தீர வேண்டும். அதே சமயம் அந்த இரண்டாவது முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்கவும் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டும். தாயிடம் இதை விளக்குவது ஆய்வகத்தில் செய்யும் எதையும்விடக் கடினம்.

அட்டை ஆய்வகம் போய்ச் சேர்ந்தால் வேலை பாதிதான் முடிந்தது. முடிவு தாயின் கைக்குத் திரும்பி வர வேண்டும். ஆப்பிரிக்காவில் இதற்காகச் செய்யாத முயற்சி இல்லை. ஜாம்பியாவில் 'ம்வானா' என்ற திட்டத்தில், முடிவைக் காகிதத்தில் அனுப்பாமல் குறுஞ்செய்தியாகச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். சராசரியாக 44 நாள் எடுத்தது 27 நாளாகக் குறைந்தது. 2016 மார்ச்சில் மலாவி அரசும் யுனிசெஃபும் சேர்ந்து, லிலோங்வேயில் ஒரு சமூகச் சுகாதார நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மருத்துவமனை ஆய்வகத்துக்கு டிரோனில் மாதிரி அனுப்ப முடியுமா என்று பறக்கவிட்டுப் பார்த்தார்கள். செய்தித்தாள்களுக்கு டிரோன் பிடித்திருந்தது. என்னைக் கேட்டால், பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது அதுவல்ல, சுகாதார நிலையத்து மேசைமேலேயே வைத்து வைரஸைத் தேடும் சிறு இயந்திரங்கள்தான்.

மொசாம்பிக்கில் 16 ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். பாதி நிலையங்களில் பழையபடி அட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மீதி இடங்களில் குதிகால் ரத்தத்தை அங்கேயே இயந்திரத்தில் போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிவு. தாய் வராந்தா பெஞ்சில் காத்திருக்கும்போதே தெரிந்துவிடும். தொற்று கண்டறிந்த குழந்தைகளில் மாதிரி எடுத்த 60 நாளுக்குள் மருந்து தொடங்கியவர்கள், பழைய முறையில் 13 சதவீதம், புதிய முறையில் கிட்டத்தட்ட 90 சதவீதம். 2018இல் வெளியான இந்த எண்களைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மருந்து அதே மருந்து, செவிலியர்கள் அதே செவிலியர்கள். மாறியது காத்திருக்கும் நேரம் மட்டும்தான்.

பின்னால் மருந்தும் மாறியது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. முன்பு கைக்குழந்தைகளுக்குக் கொடுத்த லோபினாவிர் சிரப் நாக்கில் பட்டால் முகம் கோணும் கசப்பு. அதில் 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில் ஈர மணல் பானைக்குள் பாட்டிலைப் புதைத்து வைத்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது டாலுடெக்ராவிர் குழந்தை மாத்திரை வந்துவிட்டது. ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் கரையும், ஸ்ட்ராபெர்ரி சுவை. 2020 இறுதியில் போட்ட ஒப்பந்தத்தின்படி ஒரு குழந்தைக்கு ஓராண்டு மருந்துச் செலவு 480 டாலரிலிருந்து 120 டாலருக்குக் கீழே வந்தது. அதைத் தயாரிக்கும் நிறுவனங்களில் மும்பையைச் சேர்ந்த மேக்லியாட்ஸும் ஒன்று. இவ்வளவுக்குப் பிறகும் 2023 கணக்கில் உலகம் முழுவதும் தொற்றுள்ள பெரியவர்களில் 77 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைத்தது, குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்குத்தான். இந்த இடைவெளியை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, தடுப்பூசி. 1984இல் அமெரிக்க சுகாதார அமைச்சர் மார்கரெட் ஹெக்லர், இரண்டு ஆண்டுகளில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்றார். நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. காரணம் சோம்பலோ சதியோ அல்ல. அம்மையிலும் போலியோவிலும் நோயிலிருந்து தானாகவே மீண்ட மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் உடல் செய்ததைத் தடுப்பூசி செய்தால் போதும். எச்.ஐ.வி.யில் அப்படிப் பார்த்து எழுத முன்மாதிரி இல்லை. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது பிழைகளைத் திருத்துவதில்லை, அதனால் ஒரே நோயாளியின் உடலுக்குள்ளேயே ஆயிரம் வேடம் போடுகிறது. மேலுறையைச் சர்க்கரைப் போர்வையால் மூடிக்கொள்கிறது. தொற்றிய சில நாட்களிலேயே நம் மரபணுவுக்குள் தன்னை எழுதிக்கொண்டு உறங்கிவிடுகிறது. தடுப்பூசிக்குக் கிடைக்கும் அவகாசம் அந்தச் சில நாட்கள்தான்.

முயற்சிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2007இல் மெர்க் நிறுவனத்தின் ஸ்டெப் சோதனை நின்றது. 2009இல் தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆர்.வி.144 சோதனையில் 31 சதவீதப் பாதுகாப்பு தெரிந்தது. இன்றுவரை பாதுகாப்பின் சாயலாவது காட்டிய ஒரே தடுப்பூசி அதுதான். அதைத் தென்னாப்பிரிக்க வைரஸுக்கு ஏற்ப மாற்றி, 5,407 பேரிடம் 'உஹாம்போ' என்ற பெயரில் சோதித்தார்கள். 2020 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். ஊசி போட்டவர்களில் 129 பேருக்கும் வெற்று ஊசி போட்டவர்களில் 123 பேருக்கும் தொற்று. 2021இல் 'இம்போகோடோ', 2023 ஜனவரியில் 'மொசைகோ', அதே ஆண்டு டிசம்பரில் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் 'பிரெப்வாக்'. எதுவும் பலிக்கவில்லை. நம் பக்கத்திலும் முயற்சி நடந்தது. 2005இல் புனேயிலும், 2006இல் சென்னை சேத்துப்பட்டின் காசநோய் ஆய்வு மையத்திலும் முதற்கட்டச் சோதனைகள் நடந்தன. சென்னையில் ஆரோக்கியமான 32 பேர் தாமாக முன்வந்து கை நீட்டினார்கள். எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கிய காலத்தில் அப்படி முன்வந்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்தத் தன்னார்வலர்களும் உங்கள் வார்டின் கைக்குழந்தையும் ஒரே சிக்கலில் மாட்டியவர்கள் என்பதைப் பாருங்கள். தடுப்பூசியின் வேலையே எதிர்ப்பொருளை உண்டாக்குவது. ஆகவே ஊசி போட்டுக்கொண்ட பலருக்கு, தொற்றே இல்லாமல், விரைவுப் பரிசோதனையில் பாசிட்டிவ் வரும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ரத்ததானம், காப்பீடு, வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனை என்று எல்லா இடத்திலும் தடங்கல். அவர்களுக்கு உண்மையைச் சொல்வதும் வைரஸைத் தேடும் பரிசோதனைதான். 2006இல் உகாண்டாவின் கம்பாலாவில், தொற்றுள்ள தாய்மார்களுக்குப் பிறந்த 60 குழந்தைகளிடம் ஒரு தடுப்பூசியின் பாதுகாப்பைச் சோதித்தார்கள். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் தாய் தந்த எதிர்ப்பொருள், ஊசி தந்த எதிர்ப்பொருள் இரண்டும் இருக்க வாய்ப்புண்டு. பி.சி.ஆர். இல்லாமல் அந்தச் சோதனையை நினைத்தே பார்க்க முடியாது. நாளை தடுப்பூசி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தால் ஊரில் பாதிப்பேர் விரைவுப் பரிசோதனையில் பாசிட்டிவாக இருப்பார்கள். அன்றைக்குக் குதிகால் அட்டையின் தேவை கூடும் என்றே நான் எதிர்பார்க்கிறேன்.

மறுதிசையிலும் ஒரு பாலம் உண்டு. எச்.ஐ.வி.யின் ஆயிரம் வேடங்களையும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் அபூர்வமாகச் சிலர் உடலில் உருவாகின்றன. பெரியவர்களில் அதற்குப் பல ஆண்டுகள் ஆகும், எதிர்ப்பொருள் ஏராளமான மாற்றங்களைக் கடந்து வர வேண்டும். ஆனால் நைரோபியில் பிறந்த ஒரு குழந்தையின் ரத்தத்தில், தொற்றிய ஓராண்டுச் சொச்சத்திலேயே, மிகக் குறைவான மாற்றங்களோடு அத்தகைய எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. விஞ்ஞானி ஜூலி ஓவர்பாவின் குழு 2016இல் அதை வெளியிட்டது. பச்சைக்குழந்தையின் எதிர்ப்புச் சக்தி பலவீனமானது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அது பெரியவர்களைவிடக் குறுக்கு வழி அறிந்திருக்கிறது. அந்த வழியைத் தடுப்பூசியால் காட்ட முடியுமா என்பதுதான் இப்போதைய தேடல். எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்களைப் படிப்படியாகப் பழக்கும் ஊசி ஒன்றை, வில்லியம் ஷீஃப் போன்ற விஞ்ஞானிகள் வடிவமைத்து முதற்கட்டத்தில் சோதித்தார்கள். 36 பேரில் 35 பேருடைய உடல் முதல் படியை ஏறியது. 2022 டிசம்பரில் வெளியான முடிவு அது. முதல் படி மட்டும்தான். மேலே இன்னும் பல படிகள் இருக்கின்றன. அதற்குள் 2025இல் அமெரிக்கா நிதியை வெட்டியது. தென்னாப்பிரிக்கா தலைமையில் ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே நடத்தவிருந்த 'பிரில்லியன்ட்' சோதனை தொடங்கும் தறுவாயில் தடைபட்டது. அறிவியல் தோற்றிருந்தால் தாங்கிக்கொள்ளலாம், காசில்லாமல் நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நடுவில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. லெனகாபாவிர் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. இது தடுப்பூசி அல்ல, எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குவதில்லை, மருந்து தீர்ந்தால் காவலும் தீரும். ஆனால் தாய்மார்களுக்குத் தொற்று வராமல் காத்தால் குழந்தைகளுக்கு வரும் வழியும் அடைபடும்.

அதுவரை உங்கள் வார்டில் ஆறு வாரக் குழந்தைகள் வந்துகொண்டே இருப்பார்கள். புதன்கிழமை தடுப்பூசி வரிசையில் நிற்கும் தாயிடம் 'எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கா?' என்று உரக்கக் கேட்காதீர்கள். உள்ளே அழைத்துப்போய்க் கேளுங்கள். தாய் மருந்து விடாமல் எடுக்கிறாரா, தொற்றைத் தடுக்கும் நெவிராபின் சொட்டைக் குழந்தைக்குக் கொடுத்தாரா, மற்ற கிருமிகளிடமிருந்து காக்கும் கோட்ரிமாக்ஸசோல் மருந்தை இன்று முதல் தொடங்க வேண்டும் என்பது தெரியுமா என்று பாருங்கள். அட்டையில் பிறந்த தேதியைக் கணவரோ மாமியாரோ சொல்லி எழுதாதீர்கள், பிரசவச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். தொலைபேசி எண் கேட்கும்போது, அந்த எண்ணில் அழைத்தால் யார் எடுப்பார்கள் என்றும் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு வரும் நாளில் அந்தக் குறிப்பு உங்களுக்கு வேண்டியிருக்கும்.